டைப்பு அம்மாவுக்குப் பாராட்டு விழா

மூன்று தாள்களுக்கு நடுவே இரண்டு கார்பன்களைச் செருகி, ஓரங்களை மேசையில் தட்டிச் சமன்செய்து, ஞானாம்பாள் டைப்ரைட்டரில் ஏற்றினாள். மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. வெளியே பெஞ்சு நிறைந்து, மிச்சப் பேர் சந்தில் சுவரோர நிழலில் நின்றார்கள். முதியோர் உதவித்தொகைக்கு ஒருவர், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஒருத்தி, ஏரிக்கரைக் குடிசைகளைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்ததாக நான்கு பேர். அலுவலக உதவியாளர் சவுரிமுத்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். வந்தவர்கள் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டே அடித்தாள். அவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்லி முடிக்கும்போது கடிதமும் முடிந்திருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. அந்த நாற்காலியில் அவளுக்குக் கடைசி நாள். மதியம் மூன்று மணிக்குச் செம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டு விழா.

முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்தில், ஒரு வீட்டின் முன்பகுதியில் எம்.எல்.ஏ. அலுவலகம் திறந்தது எழுபத்திரண்டில். அந்த மாதமே ஞானாம்பாள் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். இருபத்தாறு வருஷத்தில் நான்கு எம்.எல்.ஏ.க்களைப் பார்த்துவிட்டாள். கட்சி மாறினால் சுவரில் படங்கள் மாறும். புதிதாக ஜெயித்து வருகிறவர் தன் ஆள் ஒருவனைக் கூடவே கூட்டிக்கொண்டு வருவார். எந்த மனு எந்த ஆபீசில் எந்த மேசையில் கிடக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் அவன் வேறு வேலை பார்க்கப் போய்விடுவான். ஞானாம்பாள் இருப்பாள். சட்டமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்விகளையும் அவளே எழுதி அடித்துக் கொடுத்தாள். எம்.எல்.ஏ. கோட்டையில் அதை எழுந்து படிப்பார். பீர்க்கன்கரணை ஏரித் தெருவுக்குப் பஸ் விட்டது அப்படி ஒரு கேள்வியில் தொடங்கியதுதான். தொகுதியில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. டைப்பு அம்மா என்பார்கள்.

ஓய்வு பெறுவது அவளுடைய எண்ணம் இல்லை. போன மாதம் ஒருநாள் காரில் ஏறப்போன எம்.எல்.ஏ. திரும்பி வந்து, ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது, கவர்ன்மென்டிலேயே அனுப்பிவிடுகிறார்கள், நீங்களும் ரெஸ்ட் எடுக்க வேண்டாமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் கார் போய்விட்டது. மறுவாரம் அவருடைய மைத்துனர் மகன் சம்பத் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினான். அதற்கு உறை தைக்கத் துணி வாங்கும் வேலையை ஞானாம்பாளிடம் கொடுத்தான். விழாவுக்கு அழைப்பிதழ் வாசகமும் அவள்தான் அடிக்க வேண்டியிருந்தது. வாழ்த்து மடலும் அவள்தான். தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். "தன்னலமற்ற"வையும் "தியாக உள்ளம்"ஐயும் சம்பத் சொல்ல, அவள் தலைநிமிராமல் அடித்து முடித்தாள்.

பெஞ்சின் ஓரத்தில் ஹஃபீசா உட்கார்ந்திருந்தாள். அவள் வருவது இது நான்காவது வாரம். சானடோரியம் பக்கத்தில் குடியிருந்தாள். புடவைகளுக்கு ஃபால் தைத்துக் கொடுப்பாள். அவள் கணவன் கரீம் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷமாகத் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டியவன். சித்திரையில் ஒருநாள் மெஷின் இறங்கும்போது கை உள்ளே இருந்தது. வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கும் போயின. கம்பெனி வேனிலேயே கொண்டுபோய் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகு அவன் போய் நின்றபோது வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. அப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலை செய்யவே இல்லை என்று முதலாளி குப்புராஜ் தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

தொழிலாளர் அலுவலர் தயங்கித் தயங்கி ஹஃபீசாவிடம் ஒரு வழி சொன்னார். விசாரணை வரும் திங்கட்கிழமை. அதற்குள், இந்த ஆளைத் தெரியும், அங்கேதான் வேலை செய்தார் என்று எம்.எல்.ஏ. லெட்டர் பேடில் ஒரு கடிதம் வந்தால் முதலாளியை நேரில் வரவழைக்கத் தனக்குத் தெம்பிருக்கும். இல்லாவிட்டால் அவர்கள் காட்டும் ரிஜிஸ்டரைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

ஞானாம்பாள் விசாரிக்காமல் கடிதம் அடிப்பவள் இல்லை. ஹஃபீசா முதலில் வந்த வாரமே சனிக்கிழமை மாலை பஸ் பிடித்துத் திருமுடிவாக்கம் போய், ஷிப்டு முடிந்து வந்தவர்களை டீக்கடையில் நிறுத்திக் கேட்டாள். மூன்று பேர் கரீமை நன்றாகத் தெரியும் என்றார்கள். கையெழுத்துக் கேட்டதும் மூன்று பேருமே சைக்கிளை எடுத்தார்கள். அது ஒன்றே போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றிரவே மனதுக்குள் வாசகத்தை அமைத்து, திங்கள் காலையில் அடித்து ஃபைலில் வைத்தாள்.

மூன்று வாரமாகியும் கடிதத்தில் கையெழுத்து ஏறவில்லை. முதல் தடவை எம்.எல்.ஏ. அதைப் படித்துவிட்டு, வைங்கம்மா பார்க்கலாம் என்றார். இரண்டாம் தடவை மற்ற கடிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர் இதை மட்டும் எடுத்து அடியில் வைத்தார். மூன்றாம் தடவை டெலிபோன் வந்தது. நான்காம் தடவை அவள் நேராகவே நினைவுபடுத்தியபோது, எஸ்டேட் விவகாரம், இரண்டு பக்கமும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார். கேட்கிறாரா என்று சம்பத்திடம் விசாரித்தாள். அவன் கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மாமா மறக்கமாட்டார் என்றான்.

பதினொரு மணிக்குச் சவுரிமுத்து டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அருகில் குனிந்தார்.

"நீங்களே போட்டுடுங்கம்மா. இவுரு கையெயுத்து உங்களுக்கு வராததா? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றாள் ஞானாம்பாள்.

ஹஃபீசாவை உள்ளே கூப்பிட்டு, மதியம் மண்டபத்துக்கு வந்துவிடும்படி சொன்னாள். மேடையில் எம்.எல்.ஏ. எப்படியும் ஒரு மணிநேரம் உட்கார்ந்தாக வேண்டும். பக்கத்து நாற்காலி தன்னுடையது. இன்றைக்குத் தான் கேட்டு அவர் இல்லை என்று சொல்ல முடியாது. சொல்லும்போதே அது நிச்சயம் என்று அவளுக்கும் பட்டது. இத்தனை வருஷத்தில் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. இதுவும் தனக்காக இல்லைதான். ஆனாலும் கேட்டுப் பெற ஒரு நாள் உண்டென்றால் அது இன்றைக்குத்தான்.

மண்டபத்தில் மூன்று மணிக்கே கூட்டம் வந்துவிட்டது. அவள் கணவர் சாம்பசிவன், தாம்பரம் ரயில்வே ஷெட்டிலிருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர், சலவைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஷெட்டில் கொடுத்த வழியனுப்பு விழா இருபது நிமிஷத்தில் முடிந்திருந்தது. இங்கே சீரியல் லைட்டும் மைக்செட்டும் பார்த்து அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. ஹஃபீசா கடைசி வரிசையில், எழுந்து ஓட வசதியாக நடைபாதையோரம் இருந்தாள். ஞானாம்பாள் மேடையில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து எழுதுகிறதா என்று உள்ளங்கையில் ஒருமுறை கிறுக்கிப் பார்த்துக்கொண்டாள்.

எம்.எல்.ஏ. வந்தபோது நாலரை. வெடி வெடித்தார்கள். அவருக்கு மாலை போடவே பதினைந்து நிமிஷம் ஆயிற்று. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் ஃபைலைத் திறந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி வட்டச் செயலாளரிடம் பேச ஆரம்பித்தார். பேச்சு முடிந்து திரும்பியபோது மைக்கில் அவர் பெயர் கூப்பிடப்பட்டது.

அவர் அரைமணி நேரம் பேசினார். தன் முதல் தேர்தலையும், எதிர்த்து நின்றவர் டெபாசிட் இழந்ததையும், தொகுதிக்குத் தான் கொண்டுவந்த குடிநீர்த் தொட்டிகளையும் சொன்னார். கடைசியில் ஞானாம்பாள் பக்கம் கையை நீட்டினார்.

"இந்த அம்மா கையில ஒரு பேப்பரைக் குடுத்தா போதும், அது நடந்து முடிஞ்ச மாதிரி. நான்கூட இவங்க சொல்ற எடத்துல கையெழுத்துப் போடுற ஆளுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ஹஃபீசாவும் தட்டினாள். சாம்பசிவன் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரோஜா மாலை போட்டு, சால்வையும் கேடயமும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். அப்போது பெண்கள் பக்கமிருந்து சரசு எழுந்து மேடைக்கு வந்தாள். பீர்க்கன்கரணையில் பூ விற்கிறவள். பேசுகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மைக்கை வாங்கி, டைப்பு அம்மா இல்லாவிட்டால் ஏரித் தெருப் பெண்கள் இன்றைக்கும் பிரசவத்துக்கு மெயின் ரோடுவரை நடந்துதான் போயிருப்பார்கள் என்றாள். தன் மூத்த மகள் நடந்துபோன அன்றைக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல ஆரம்பித்தாள். சம்பத் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மைக்செட்காரனிடம் கையசைத்தான். சரசு ஒரு நிமிஷம் வெறும் குரலில் பேசிவிட்டு, யாருக்கும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் இறங்கிப் போனாள்.

அடுத்தது ஏற்புரை. ஞானாம்பாள் மைக்கின் முன்னால் போய் நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்கும் எம்.எல்.ஏ. எழுந்து கும்பிடுவதற்கும் சரியாக இருந்தது. அவர் எழுந்ததும் கூட்டம் எழுந்தது. அவள் ஃபைலோடு படியிறங்கி ஓடினாள். கார்க் கதவருகே எட்டிப்பிடித்து, ஒரே ஒரு கையெழுத்து சார் என்றாள். அவர் கண்ணாடியைப் பாதி இறக்கி, இப்போது பீர்க்கன்கரணையில் காதுகுத்து, அங்கே வாருங்கள் போட்டுவிடலாம் என்றார். சொல்லி முடிப்பதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

சாம்பசிவன் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, கேடயத்தையும் கடிகாரத்தையும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இன்னைக்காவது வீட்டுக்கு வா ஞானம். அந்தப் பையன் பாத்துப்பான்ல."

"அவன் பாக்க மாட்டான். திங்கக்கிழமை விசாரணை."

அவர் ஹஃபீசாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தானே ஒரு ஆட்டோவை நிறுத்தி இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு, கடிகாரத்தை அணைத்தபடி பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

கிழக்குத் தாம்பரம் தாண்டும்வரை ரோஜா மாலை ஞானாம்பாள் கழுத்திலேயே இருந்தது. சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் உற்றுப் பார்த்தபிறகுதான் கழற்றினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. எலெக்ட்ரிக் டிரெயின் போய், அதன் பின்னாலேயே ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. ஹஃபீசா உதட்டை அசைத்துப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கரீம் வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை என்றும், சாப்பிடும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்றும் சொன்னாள். இடது கையால் சாப்பிடுவதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாதாம்.

பீர்க்கன்கரணையில் பந்தல் இருந்தது, கார் இல்லை. பத்து நிமிஷம் ஆகிவிட்டது என்றார்கள். காதுகுத்து வீட்டுக்காரர் டைப்பு அம்மாவை அடையாளம் கண்டுகொண்டு சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்தார். இன்னொருவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். தெருவிளக்கு மனு. பழக்கத்தில் அதை வாங்கிப் பிரித்துப் படிக்கவே ஆரம்பித்துவிட்டாள். இரண்டாவது வரியில் நினைவு வந்து, திங்கட்கிழமை ஆபீசுக்குக் கொண்டுபோய்ச் சம்பத்திடம் கொடுங்கள் என்று திருப்பித் தந்தாள். உங்களிடமே இருக்கட்டும் அம்மா என்று அவர் மறுபடி நீட்டினார்.

அடுத்த நிகழ்ச்சி திருமுடிவாக்கம். அதை அவளே போன வாரம் நாள்குறிப்பில் அடித்திருந்தாள்: சிறுதொழில் முதலாளிகள் சங்கக் கட்டடத் திறப்பு, மாலை ஆறு. அழைப்பிதழைச் சம்பத் வாங்கி வைத்துக்கொண்டதால் அதற்குமேல் அவளுக்குத் தெரியாது. ஆட்டோக்காரர் அவ்வளவு தூரம் வரமுடியாது என்று முணுமுணுத்தார். விஷயத்தைக் கேட்டபிறகு, "பேஜாரான கேஸுமா இது" என்று சொல்லிக்கொண்டே கிக்கரை இழுத்தார்.

எஸ்டேட்டுக்குள் நுழைந்ததும் ஆயிலும் சூடான இரும்பும் கலந்த வாசனை வந்தது. சில ஷெட்டுகளில் இன்னும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிரஸ் இறங்கும்போதும் ரோடு அதிர்ந்தது. ஒரு நீல நிறக் கேட்டைத் தாண்டும்போது ஹஃபீசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சங்கக் கட்டடத்தின் முன்னால் ஷாமியானா போட்டு இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் எம்.எல்.ஏ. ஏலக்காய் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

ஹஃபீசாவை ஷாமியானா கம்பத்தருகே நிற்கச் சொல்லிவிட்டு ஞானாம்பாள் மேடையின் பக்கப்படிக்குப் போனாள். ஃபைலைத் திறந்து, கடிதத்தின் மேல் பேனாவை வைத்துத் தயாராகப் பிடித்துக்கொண்டாள். எம்.எல்.ஏ. அவளைப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகம் மாறியது. பிறகு எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க. கொஞ்ச நேரம் முன்னாலதான் இந்த அம்மாவுக்கு ஓய்வு குடுத்து அனுப்பினேன். வீட்டுக்குப் போகல. என் பின்னாலயே அடுத்த நிகழ்ச்சிக்கு வந்து நிக்கிறாங்க. இதுக்குப் பேருதான் கடமை. மேல வாங்கம்மா."

கைதட்டல் எழுந்தது. யாரோ இருவர் அவளைக் கைபிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அம்மையாருக்குச் சங்கத் தலைவர் திரு. குப்புராஜ் அவர்கள் பொன்னாடை அணிவித்துக் கௌரவிப்பார் என்றார்.

அந்தப் பெயரைக் கடிதத்தின் ஏழாவது வரியில் அவள் அடித்திருந்தாள். பெரிய உடம்பும் விபூதி நெற்றியுமாக ஒருவர் பணிவாகச் சிரித்தபடி முன்னால் வந்தார். ஒதுங்க இடமில்லை. பின்னால் நாற்காலி, முன்னால் போட்டோகிராபர். சரிகைச் சால்வை தோளில் விழுந்தது. ஃபிளாஷ் அடித்தது. இன்னொன்று என்றார்கள், மறுபடி அடித்தது. குப்புராஜ் சால்வையின் ஓரத்தைச் சரிசெய்யக் குனிந்தபோது, திறந்திருந்த ஃபைலில் தன் பெயரைப் பார்த்தார். அங்கேயே நின்று கடிதத்தை முழுவதும் படித்தார்.

"கரீமா? நம்ம ஆளு இல்லீங்களேம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. வேறு வீட்டுக்கு வந்த தபாலைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி சொன்னார்.

ஞானாம்பாள் எம்.எல்.ஏ. பக்கம் திரும்பிப் பேனாவை நீட்டினாள். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"ஒங்களுக்குத்தான் ரிட்டையர்மென்ட் குடுத்தாச்சே. இனிமே ஆபீஸ் விஷயம் சம்பத் பாத்துக்குவான்."

சம்பத் ஏற்கெனவே பக்கத்தில் வந்து நின்றிருந்தான். "ஆபீஸ் லெட்டர் பேடும்மா. வெளியில போகக் கூடாது" என்று மரியாதையாகக் குனிந்து, அவள் கையிலிருந்து ஃபைலை உருவி எடுத்துக்கொண்டான். பேனா மட்டும் அவளிடம் இருந்தது.

படியிறங்கும்போது மூன்று வாரமும் வரிசையாக நினைவுக்கு வந்தது. வைங்கம்மா பார்க்கலாம் என்றது, அடியில் வைத்தது, இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. இதற்கு முன்னால் எத்தனை கடிதங்கள் இப்படி அடிக்குப் போயின, எத்தனை பேரிடம் நாளைக்கு வாருங்கள் என்று தானே சொல்லி அனுப்பியிருக்கிறோம் என்று தேடப்போய், முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பாதிப் பேருக்குப் பெயர்கூட நினைவில்லை.

கம்பத்தருகிலிருந்து ஹஃபீசா ஓடிவந்தாள். ஃபிளாஷ் வெளிச்சத்தை அவள் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள்.

"போட்டுட்டாராம்மா?"

ஞானாம்பாள் இல்லை என்று தலையை அசைத்தாள். ஹஃபீசா அவள் தோளில் கிடந்த சால்வையைப் பார்த்தாள். பஸ் ஸ்டாப்புக்கு வந்தபிறகு, "அந்த மொதலாளி கையாலயே போட்டாரும்மா. நா பாத்துகினு இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். ஞானாம்பாள் சால்வையை எடுத்துச் சுருட்டினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடுவரை கையிலேயே வைத்திருந்தாள்.

சனிக்கிழமை சாம்பசிவன் ஆணி அடித்துக் கடிகாரத்தை மாட்டினார். திங்கட்கிழமை எட்டரைக்கு அவள் வழக்கம்போலப் புடவை மாற்றிக்கொண்டு புறப்பட்டபோது, எங்கே என்று கேட்டார். சாட்சி சொல்ல என்றாள்.

தொழிலாளர் அலுவலகத்தில் கரீம் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். வலது கையைத் துண்டுக்குள் மறைத்திருந்தான். அலுவலர் ஞானாம்பாளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போடச் சொன்னார். விழாவைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும், பதினோரு வருஷமாக அவள் அடித்த கடிதங்களைத்தான் படித்து வருவதாகவும், ஒரு எழுத்துப் பிழை பார்த்ததில்லை என்றும் சொல்லி வாழ்த்தினார். பிறகு, எம்.எல்.ஏ. கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

குப்புராஜ் வரவில்லை. அவருடைய மேனேஜரும் வக்கீலும் வந்து வருகைப் பதிவேட்டை விரித்துக் காட்டினார்கள். அதில் கரீம் பெயர் எந்த மாதத்திலும் இல்லை. ஆறு வருஷத்தில் ஒருநாளும் அந்தப் புத்தகத்தைத் தன்னிடம் நீட்டியதில்லை என்று கரீம் சொன்னான். சொல்வதை நிரூபிக்க யாராவது இருக்கிறார்களா என்று வக்கீல் கேட்டார். ஞானாம்பாள் எழுந்து நின்றாள். தான் நேரில் போய் விசாரித்ததையும், அங்கே வேலை செய்கிறவர்கள் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். குமாஸ்தா வாக்குமூலப் படிவத்தை எடுத்துப் பெயர், கணவர் பெயர், வயது எழுதிக்கொண்டு, என்ன வேலை என்றார்.

"எம்.எல்.ஏ. ஆபீஸ்ல டைப்பிஸ்ட். வெள்ளிக்கிழமை வரைக்கும்."

வக்கீல் இளைஞர். எழுந்து, அவளுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நீங்க அங்க வேலை பாத்ததுக்கு ஆர்டர், ரிஜிஸ்டர், ஏதாவது இருக்குங்களா?"

அவள் யோசித்தாள். எழுபத்திரண்டில், நாளையிலிருந்து வாருங்கள் என்று வாயால் சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்த மூன்று பேரும் அதுகூடச் சொல்லவில்லை. சம்பளம் மாதாமாதம் ஒரு கவரில் வந்தது. எங்கேயும் கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை. அலுவலர் மேசைக்குப் பின்னால் இருந்த பீரோவைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அவள் அடித்த கடிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒன்றிலும் அவள் பெயர் கிடையாது.

"இல்ல" என்றாள்.

குமாஸ்தா அலுவலரைப் பார்த்தார். அலுவலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குமாஸ்தா குனிந்து, தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினார். கேட்டவற்றை வைத்துச் சாட்சி சொல்வது செல்லாது என்று வக்கீல் சொன்னதையும் எழுதினார். மேலும் ஆதாரம் எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை என்ற வரியை அலுவலர் சொல்லச் சொல்ல எழுதி முடித்துப் படிவத்தைத் திருப்பி வைத்தார்.

ஞானாம்பாள் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் கம்பெனி முத்திரையை அழுத்தினார். அடுத்தது கரீம். அவன் துண்டை விலக்கினான். பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே செருகிப் பார்த்தான். அது நழுவித் தரையில் விழுந்தது. குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்து முன்னால் தள்ளி, இடது கை என்றார். ரேகை வைக்கும் கட்டத்தின் கீழே 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று அச்சடித்திருந்தது. கரீம் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"எனக்கு எழுதத் தெரியும் சார். எட்டாவது படிச்சிக்கீறேன்."

"ஃபாரம் அப்படித்தான்பா. எல்லாருக்கும் அதான்" என்று குமாஸ்தா அவன் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டிக் கட்டத்துக்குள் அழுத்தினார். ஹஃபீசா முந்தானை நுனியால் அந்த விரலைத் துடைத்தாள். மை போகவில்லை. நுனியை எச்சில் தொட்டு மறுபடி துடைத்தாள். அவன் வலது கை மேசை விளிம்பில், எல்லோர் கண்ணெதிரிலும், மூடாமல் இருந்தது.